மீஞ்சூர் தண்ணீரும் எழுதப்படாத கணக்கும்

தண்ணீர்க் குழாய் போடுவது நல்ல காரியம். அதை யாரும் மறுக்கப் போவதில்லை. ஆனால் குழாய் எங்கே முடிகிறது என்று பார்க்கும் நாம், அது எங்கே தொடங்குகிறது என்று பார்ப்பதில்லை. சென்னையின் வரலாறே இதற்குச் சாட்சி.

1772-இல் கேப்டன் பேக்கரின் திட்டப்படி ஏழுகிணற்றிலிருந்து புனித ஜார்ஜ் கோட்டைக்குத் தண்ணீர் போனது. 1872-இல் செங்குன்றம் ஏரித் தண்ணீர் நகருக்கு வந்தது. 1944-இல் கொசஸ்தலையாற்றின் குறுக்கே பூண்டி நீர்த்தேக்கம் கட்டப்பட்டது. நகரம் வளர வளர, அதன் தாகம் கிராமங்களை நோக்கி நீண்டது.

அடுத்த முறை வந்தது மீஞ்சூர். எண்ணூருக்கு வடமேற்கே உள்ள இந்தப் பகுதியில் ஆரணியாறும் கொசஸ்தலையாறும் சேர்த்து வைத்த மணலுக்கு அடியில் நல்ல நீர் இருந்தது. 1960களின் பிற்பகுதியில் ஐ.நா. வளர்ச்சித் திட்ட உதவியுடன் ஆய்வும் நடந்தது. மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் ஆகிய இடங்களில் ஆழ்துளைக் கிணறுகள் போட்டு, குழாய் வழியே தண்ணீர் எடுத்தார்கள். மணலியில் 1969-இல் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையும், 1971-இல் உர ஆலையும் இயங்கத் தொடங்கின. அந்தத் தொழிற்பேட்டைக்கும் மீஞ்சூர்த் தண்ணீர் போனது. விவசாயிகளின் பம்புசெட்டுகளும் அதே நீரைத்தான் இறைத்தன.

இங்கேதான் சிக்கல். கடலோரத்தில் நன்னீர், உப்பு நீரின் மேல் மிதப்பது போல நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே 1 மீட்டர் நன்னீர் இருந்தால், கீழே சுமார் 40 மீட்டர் வரை உப்பு நீரைத் தள்ளி வைக்கும். மேலே ஒரு மீட்டர் குறைந்தால் கீழே உப்பு அத்தனை தூரம் ஏறி வரும். மீஞ்சூரில் நடந்தது இதுதான். எடுத்த அளவுக்கு மழை நிரப்பவில்லை. கடல் நிலத்துக்கு அடியில் பல கிலோமீட்டர் உள்ளே வந்துவிட்டது. கிணறுகள் கரித்தன, வயல்கள் பாழாயின.

நிலத்தடி நீர் எடுப்பதைக் கட்டுப்படுத்தும் சென்னைப் பெருநகர்ப் பகுதிக்கான சட்டம் 1987-இல்தான் வந்தது. நோய் முற்றிய பிறகு வந்த மருந்து!

சரி, இன்றைய சட்டங்கள் முன்கூட்டியே கேட்கின்றனவா? சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு 1994-இல் கட்டாயமானது. 2006-இல் புதிய அறிவிக்கை வந்தது. முன் அனுமதி தேவைப்படும் திட்டங்களின் பட்டியலில் எண்ணெய், எரிவாயுக் குழாய்கள் உண்டு. குடிநீர்க் குழாய் இல்லை. காடு, கடலோரம் என்றால் மட்டும் தனி அனுமதி.

தொன்மைச் சின்னங்கள் விஷயத்திலும் இதே கதைதான். 2010-இல் திருத்தப்பட்ட சட்டம், மத்திய அரசு பாதுகாக்கும் சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானத்தைத் தடுக்கிறது. ஆனால் பொதுமக்களுக்கான குடிநீர்ப் பணிகள் அந்தச் சட்டத்தில் 'கட்டுமானம்' என்ற சொல்லுக்குள்ளேயே வராது. பழவேற்காட்டு டச்சுக் கல்லறைத் தோட்டம் போன்ற இடங்களுக்காவது வேலி இருக்கிறது. பூண்டிக்கு அருகே அத்திரம்பாக்கத்தில் மண்ணுக்குள் கிடைத்த கற்கருவிகள் 15 லட்சம் ஆண்டுப் பழமை கொண்டவை என்று 2011-இல் அறிவிக்கப்பட்டது. இதே கொசஸ்தலையாற்றுப் படுகையில் இன்னும் கண்டுபிடிக்கப்படாதவை எத்தனையோ? குழாய்க்குப் பள்ளம் தோண்டும் இயந்திரத்துக்குக் கல்லாயுதமும் ஒன்றுதான், சரளைக் கல்லும் ஒன்றுதான்.

தாகத்தில் இருப்பவனைக் காத்திருக்கச் சொல்வதா என்ற கேள்வி நியாயமானது. விதிவிலக்கு தந்ததற்கும் அதுவே காரணம். ஆனால் மதிப்பீடு என்பது தடை அல்ல, அது ஒரு கணக்கு. எவ்வளவு எடுக்கலாம், எப்போது நிறுத்த வேண்டும், மண்ணுக்குள் என்ன இருக்கிறது என்ற கணக்கு. வணிகத்தில் தேய்மானத்தைக் கழிக்காமல் இலாபம் காட்டினால் அது பொய்க் கணக்கு. மீஞ்சூரில் தண்ணீர் வரவில் எழுதப்பட்டது, உப்பு செலவில் எழுதப்படவில்லை.

2010-இல் மீஞ்சூருக்கு அருகே காட்டுப்பள்ளியில், கடல்நீரிலிருந்து நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் தயாரிக்கும் ஆலை திறக்கப்பட்டது. மண் இலவசமாகச் செய்து கொடுத்த வேலையை, அதே ஊர்ப் பக்கத்தில் மின்சாரம் செலவழித்துச் செய்ய வேண்டியதாயிற்று. எழுதாமல் விட்ட செலவு இப்படித்தான் பின்னால் வந்து நிற்கும்.