'நானே வருவேன்' பாட்டும் எங்கள் பாட்டியும்

பெங்களூரில் படிக்கும் என் பேரன் போன வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு பாட்டு அனுப்பினான். "தாத்தா, இது ஹாலோவீன் சீசன் பாட்டு. பேய்ப் படத்தை வச்சு எழுதினது" என்றான். கிடாரும் டிரம்ஸும் ஒரே ஓட்டம். பயம் வரவில்லை, எழுந்து ஆடத்தான் தோன்றியது. வாத்தியார் புத்தி சும்மா இருக்குமா? தேடிப் படித்தேன்.

அமெரிக்காவில் 1962 அக்டோபரில் பாபி பிக்கெட்டின் 'மான்ஸ்டர் மேஷ்' பாட்டு விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. ஃபிராங்கென்ஸ்டைன் படத்தில் பூதமாக நடித்த போரிஸ் கார்லாஃபின் குரலில் நையாண்டியாகப் பாடியது. 1977இல் நியூஜெர்சியில் தொடங்கிய மிஸ்ஃபிட்ஸ் குழு பேய்ப் படங்களையே பங்க் பாட்டாக்கியது. அவர்களுடைய 'ஹாலோவீன்' இசைத்தட்டு 1981 அக்டோபர் 31 அன்றே வந்தது. 1989இல் 'பெட் செமட்டரி' என்ற பேய்ப் படத்துக்கு ரமோன்ஸ் குழு பாடியது. பேரன் கேட்கும் பாப்-பங்க் குழுக்கள் இவர்களுக்குப் பின் வந்தவர்கள்தான்.

திரேஸ்புரத்துக்காரனுக்கு இந்தத் தேதி புதிதில்லை. ஹாலோவீன் என்பது நவம்பர் 1 சகல புனிதர்கள் திருநாளுக்கு முந்தின இரவு. 2ஆம் தேதி நமக்குக் கல்லறைத் திருநாள். அவர்கள் முந்தின இரவைப் பிடித்துக்கொண்டு வேடம் போட்டு ஆடுகிறார்கள். நாம் 2ஆம் தேதி பூவும் மெழுகுவர்த்தியுமாகக் கல்லறைத் தோட்டத்துக்குப் போகிறோம்.

நம் சினிமாப் பேய்கள் ஆடவில்லை. மெதுவாக, தனியாகப் பாடின. இதற்கு வழி போட்டது 1949இல் வந்த இந்திப் படம் 'மஹல்'. கேம்சந்த் பிரகாஷ் இசையில் லதா மங்கேஷ்கர் பாடினார். இசைத்தட்டில் அவர் பெயர் இல்லை, கதாபாத்திரத்தின் பெயர் 'காமினி' என்றே போட்டிருந்தது. பாடியவரே பேய் மாதிரி மறைந்து நின்றார் பாருங்கள்! அடுத்து 1962இல் 'பீஸ் சால் பாத்', 1964இல் 'வோ கௌன் தி'. இந்தக் கடைசிப் படம்தான் தமிழில் 1966இல் ஜெய்சங்கர், ஜெயலலிதா நடித்த 'யார் நீ'. மதன் மோகனின் மெட்டை வேதா அப்படியே எடுத்துக்கொள்ள, பி. சுசீலா 'நானே வருவேன்' பாடினார். மெட்டு இரவல் என்று குறை சொல்பவர்கள் உண்டு. அந்தக் குரலை ராத்திரியில் தனியாகக் கேட்டுவிட்டு அப்புறம் சொல்லட்டும்.

எங்கள் வீட்டில் அந்தப் பாட்டுக்குத் தடை. இலங்கை வானொலி எங்கள் கரையில் துல்லியமாகக் கேட்கும். அந்தப் பாட்டு தொடங்கினால் பாட்டி எழுந்து வந்து ரேடியோவை அணைத்துவிடுவார். தனுஷ்கோடியைப் புயல் அழித்த 1964 டிசம்பரில் வள்ளத்தில் போன என் சித்தப்பா திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. வீட்டுக் கதவுக்கு ராத்திரியில் தாழ்ப்பாள் போடவே பாட்டி விட்டதில்லை.

அப்பா அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு வந்து கதை சொன்னார். எனக்கு அப்போது ஏழு வயது, போர்வைக்குள்ளிருந்து கேட்டேன். பேயும் இல்லை பிசாசும் இல்லை, எல்லாம் சொத்துக்காக மனுசங்க போட்ட நாடகம் என்று அப்பா முடித்ததும் எனக்கு உயிர் வந்தது. 'மஹல்' கதையிலும் அப்படித்தான், பேய் என்று நினைத்தவள் தோட்டக்காரர் மகள். பயந்த ஜனத்தைச் சமாதானப்படுத்தி வீட்டுக்கு அனுப்பும் வழக்கம் அது. பாட்டி மட்டும் சுவரில் சாய்ந்தபடி, "அப்ப செத்தவ வரலையாடா?" என்று கேட்டார். அப்பா பதில் சொல்லவில்லை.

பிற்பாடு நம் பேய்களும் மாறிவிட்டன. 2005 'சந்திரமுகி'யில் நடனம் சேர்ந்தது. 2007 'முனி', 2011 'காஞ்சனா' வந்தபோது தியேட்டரில் பிள்ளைகள் சிரித்துக்கொண்டே பயந்தார்கள். எனக்கு அதில் கோபம் ஒன்றும் கிடையாது.

பேரன் இந்தமுறை நவம்பர் 2க்கு ஊருக்கு வருகிறான். "கல்லறை இல்லாத தாத்தாவுக்கு மெழுகுவர்த்தி எங்க ஏத்துவீங்க?" என்று கேட்டான். தோட்டத்தின் நடுவே நிற்கும் பெரிய சிலுவையடியில் என்றேன். பாட்டி ஏற்றிய இடமும் அதுதான்.

'யார் நீ' படத்தை நம் ஊர்த் தியேட்டரில் பார்த்த பெரியவர்கள் இருந்தால் கீழே எழுதுங்கள்.