சார்ஜர் துளையும் இழுபடும் வயரும்

2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம், கணினியை அரசுப் பள்ளி மாணவரின் வீட்டுப் பொருளாக்கத் தொடங்கியது. அக்கால மடிக்கணினிகள் பெரும்பாலானவற்றில் சார்ஜரின் உருளை முனை அதற்கான துளையில் ஆழமாகச் செருகப்பட்டது. சுவர் மின்பிளக் தொலைவில் உள்ள வீட்டில் குறுக்கே கிடக்கும் வயர் காலில் சிக்கினால், முனை கழலாமல் நெம்புகோலாகி, மதர்போர்டு எனப்படும் தாய்ப்பலகையில் துளையைப் பிணைத்த ஈயப்பற்றைப் பிளந்தது. துளையைப் பலகையில் பதிக்காமல் சிறு வயரின் நுனியில் வைத்து, பழுதானால் அதை மட்டும் மாற்றச் செய்தது ஒரு தீர்வு. பழுதுபார்ப்பவருக்கு அதுவே பெரிய உதவி.

மற்றொரு தீர்வாக, ஜப்பானிய வெந்நீர்க் கலன்களில், வயர் இழுபட்டாலும் கலன் கவிழாதிருக்க முன்பே இருந்த காந்தப் பிடிப்பை, ஆப்பிள் நிறுவனம் 2006இல் மேக்சேஃப் என்ற பெயரில் மடிக்கணினிக்குக் கொண்டுவந்தது. வலுவாக இழுத்தால் முனை தானே விடுபடும். பின்னர் யூஎஸ்பி-சி முனைக்காக அதைக் கைவிட்ட அந்நிறுவனம், சற்றே விசித்திரமாக, 2021இல் மீண்டும் அதற்கே திரும்பியது.