ஆற்றிலிட்ட பொன்னும் ஆகாயத்தில் சேர்த்த புள்ளியும்

ஆற்றிலே போட்டுவிட்டுக் குளத்திலே தேடுவது என்றொரு பழமொழி நம்மிடையே வழங்குகிறது. அதன் பின்னணியில் நிற்பது எங்கள் ஊராகிய விருத்தாசலம். திருமுதுகுன்றம் என்பது இதன் பழம்பெயர். இங்கே இறைவனிடம் 12,000 பொன் பெற்ற சுந்தரமூர்த்தி நாயனார் அதனை மணிமுத்தாற்றில் இட்டார். பின்னர்த் திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்துக்கொண்டார். இது பெரிய புராணம் கூறும் வரலாறு. ஓரிடத்தில் இட்டதை வேறோரிடத்தில் எடுக்கும் இந்த வழியை நம் காலத்தில் விமானக் கம்பெனிகளும் கைக்கொண்டுள்ளன. பயணம் செய்தால் புள்ளி. புள்ளி சேர்ந்தால் சலுகை. மேலும் சேர்ந்தால் வெள்ளி, பொன் என்று பெயர் சூட்டிய படிநிலைகள். அந்தப் படிநிலைக்காகவே ஊர் ஊராக விமானம் மாறி, உறக்கமின்றிப் பறந்து, எங்கும் தங்காமல் வீடு திரும்புவோர் உண்டு. இந்த விந்தை எவ்வாறு பிறந்தது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

விமானம் மாறிப் பறப்பது பழைய வழக்கமே. 1929 மார்ச்சு 30 அன்று இம்பீரியல் ஏர்வேஸ் கம்பெனி லண்டனுக்கும் கராச்சிக்கும் இடையே சேவை தொடங்கிற்று. பயணி லண்டனிலிருந்து சுவிட்சர்லாந்தின் பாசல் நகருக்கு விமானத்தில் வருவார். அங்கிருந்து ஜெனோவாவுக்கு ரயில். ஜெனோவாவிலிருந்து எகிப்துக்குக் கடலில் இறங்கும் விமானம். பிறகு பாலைவனங்களைக் கடந்து கராச்சிக்கு மற்றொரு விமானம். ஏறத்தாழ 5,000 மைல், ஏழு நாட்கள். களைப்பு மிகுதிதான். ஆயினும் கராச்சி என்றொரு முடிவு அந்தக் களைப்புக்கு இருந்தது.

பட்டத்துக்காகவும் பரிசுக்காகவும் பறந்தவர்கள் அக்காலத்தில் இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். இருந்தார்கள். இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் இடையே தனியாகப் பறக்கும் முதல் இந்தியருக்கு 500 பவுன் பரிசு தருவதாக ஆகாகான் அறிவித்தார். 1930இல் போட்டியிட்டவர்கள் மூவர்: மன்மோகன் சிங், ஜே. ஆர். டி. டாட்டா, 17 வயதே நிரம்பிய அஸ்பி எஞ்சினியர். டாட்டா கராச்சியிலிருந்து மேற்கே பறந்தார். அஸ்பி இங்கிலாந்திலிருந்து கிழக்கே வந்தார். எகிப்தில் அபூகிர் என்னுமிடத்தில் இருவரும் சந்தித்தபோது, அஸ்பி எஞ்சினுக்கு வேண்டிய ஸ்பார்க் பிளக் இன்றித் தவித்துக்கொண்டிருந்தார். தம்மிடம் கூடுதலாக இருந்ததைப் போட்டியாளருக்குக் கொடுத்துவிட்டு டாட்டா தம் வழியே சென்றார். அஸ்பி முந்தினார், பரிசும் பெற்றார். பின்னாளில் 1960 முதல் 1964 வரை இந்திய விமானப்படையின் தலைமைத் தளபதியாகவும் விளங்கினார். தோற்ற டாட்டாவோ 1932 அக்டோபர் 15 அன்று கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாகப் பம்பாய்க்குத் தபால் மூட்டைகளுடன் விமானம் ஓட்டி வந்தார். அங்கிருந்து பெல்லாரி வழியாகச் சென்னைக்கு அவற்றைக் கொணர்ந்தவர் நெவில் வின்சென்ட். அந்தச் சிறு முயற்சியே வளர்ந்து 1946இல் ஏர் இந்தியா ஆயிற்று. பரிசு ஒருவருக்கே கிட்டினும் பயன் நாட்டுக்கே கிட்டியது.

இனி நம் காலத்துக்கு வருவோம். 1978இல் அமெரிக்க அரசு, விமானக் கட்டணங்களையும் வழித்தடங்களையும் தானே வகுக்கும் முறையைக் கைவிட்டது. கம்பெனிகளுக்குள் கடும்போட்டி மூண்டது. வாடிக்கையாளர் கைநழுவிப் போகாதிருக்க 1981 மே 1 அன்று அமெரிக்கன் ஏர்லைன்ஸ் பறந்த மைலுக்குப் புள்ளி தரும் திட்டத்தைத் தொடங்கிற்று. சில நாட்களுக்குள்ளாகவே யுனைடெட் கம்பெனியும் பின்தொடர்ந்தது. நாளடைவில் உலகெங்கும் இம்முறை பரவியது.

இதில் இரண்டு கணக்குகள் உண்டு. ஒன்று, இலவசச் சீட்டாக மாற்றிக்கொள்ளும் புள்ளி. அது பணம் போன்றது. மற்றொன்று, படிநிலைக்கான கணக்கு. அது பதவி போன்றது. பதவியுடையோருக்கு வரிசையில் முந்துரிமை, ஓய்வறை, கூடுதல் சுமை ஆகியவை கிடைக்கும். ஆனால் பெரும்பாலான திட்டங்களில் ஆண்டுதோறும் அக்கணக்கு மீண்டும் பூச்சியத்திலிருந்தே தொடங்கும். ஆகவே டிசம்பர் மாதத்தில் சிறிது குறைவுபட்டவர், அதனை நிரப்புவதற்காகவே பயணம் புறப்படுவார். பல கம்பெனிகள் எத்துணைக் குறுகிய பயணத்துக்கும் குறைந்தது 500 மைல் என்று கணக்கிட்டன. எனவே நேரே செல்வதைவிட இரண்டு மூன்று ஊர்களில் மாறிச் செல்வதே இலாபமாயிற்று. நூறு மைல் பறந்து ஐந்நூறு பெறலாம் அல்லவா?

இந்தக் கணக்கில் வல்லவர்கள் தோன்றினார்கள். 1999இல் கலிபோர்னியாவைச் சேர்ந்த டேவிட் பிலிப்ஸ் என்னும் எஞ்சினியர், உணவுப்பொருளின் உறைகளை அனுப்பினால் விமான மைல் தருவதாக வந்த விளம்பரத்தைக் கண்டார். மிக மலிவான இனிப்புக் கூழ்க் கிண்ணங்களாகப் பார்த்து 12,150 வாங்கினார். செலவு 3,140 டாலர். வரவு பன்னிரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட மைல். கூழை அறநிலையத்துக்குக் கொடுத்து, அங்குள்ளோரைக் கொண்டே உறைகளைப் பிரித்தெடுத்தார்.

இச்செய்திகளை வேடிக்கையாகவே படித்துவந்தேன், என் தங்கையின் மகன் வரும்வரையில். அவன் சிங்கப்பூரில் பணிபுரிகிறான். ஓராண்டு டிசம்பரில், "மாமா, சென்னை வருகிறேன்; மூன்று மணி நேரந்தான் இருப்பேன்" என்று தொலைபேசியில் கூறினான். தங்கை அதிரசமும் முறுக்கும் சுட்டுக் கொடுத்தாள். முழங்கால் வலியால் அவளால் வர இயலவில்லை. நான் ரயிலேறித் தாம்பரத்தில் இறங்கி, திரிசூலம் நிலையம் சேர்ந்து, மீனம்பாக்கம் விமான நிலைய வாயிலில் காத்திருந்தேன். கண் சிவந்து வந்தான். சென்னையிலிருந்து தில்லி, தில்லியிலிருந்து பெங்களூரு, அங்கிருந்து மீண்டும் சிங்கப்பூர். நான்கு பறப்புகள், இரண்டு நாட்கள், அலுவல் எதுவுமில்லை. "நான்கு பயணம் குறைகிறது மாமா. இது முடிந்தால் பொன் படிநிலை நிற்கும். அடுத்த ஆண்டு அம்மாவை அழைத்துப் போகும்போது ஓய்வறையில் உட்காரவைக்கலாம்; சுமையும் கூடுதலாகக் கொண்டுபோகலாம்" என்றான்.

அவன் கூறியதில் பொய்யில்லை, அன்பும் இருந்தது. அதனையே தங்கையிடம் வந்து சொன்னேன். அவள் சிறிது நேரம் பேசாதிருந்தாள். பிறகு, "கூடுதல் சுமை கொண்டுபோக என்னிடம் என்ன இருக்கிறது அண்ணா? ஒருவேளை வீட்டில் சாப்பிட்டுப் போயிருக்கலாம்" என்றாள்.

அவனைக் கடிந்துகொள்ள எனக்கு வாய் வரவில்லை; அதற்குக் காரணம் உண்டு. நான் தலைமையாசிரியனாக இருந்த காலத்தில், ஒரு நாளும் தவறாமல் பள்ளிக்கு வரும் மாணவனுக்கு ஆண்டுவிழாவில் பரிசு வழங்கும் ஏற்பாட்டைச் செய்தவன் நானே. பீங்கான் சூளையில் வேலை செய்த ஒருவரின் மகன், பரிசு கைநழுவிவிடுமே என்று கடுங்காய்ச்சலோடு வந்து கடைசிப் பெஞ்சில் சுருண்டு கிடந்தான். வருகைப் பதிவேட்டில் அவன் இருந்தான்; வகுப்பில் இல்லை. பதிவேட்டுக்கும் பாடத்துக்கும் உள்ள வேற்றுமையை அன்று அவன் எனக்குக் கற்பித்தான். மறு ஆண்டு அப்பரிசை நிறுத்திவிட்டேன். அளவுகோல் எதுவாயினும், அதனை அடைவதே குறிக்கோளாகும்போது, அளக்க வந்த பொருள் மறைந்துவிடுகிறது.

கம்பெனிகளும் இதனை உணராமலில்லை. அமெரிக்காவில் டெல்டாவும் யுனைடெட்டும் 2014இல், படிநிலைக்குக் குறைந்தபட்சச் செலவுத் தொகை ஒன்றையும் விதித்தன. 2015 முதல் பரிசு மைலையும் கட்டணத்தைப் பொறுத்தே அளித்தன. மலிவான சீட்டில் நெடுந்தொலைவு சுற்றுவோரின் இலாபம் குறைந்தது. நம் நாட்டிலோ கம்பெனிகளே மறைந்தன. கிங்ஃபிஷர் 2012 அக்டோபரிலும், ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17 அன்றும் பறப்பதை நிறுத்தின. பாடுபட்டுப் பெற்ற அட்டையைக் காட்டி ஏறுவதற்கு விமானம் இல்லாமற்போயிற்று.

சுந்தரர் வரலாற்றில் இன்னும் ஒரு செய்தி எஞ்சியிருக்கிறது. பொன்னை ஆற்றில் இடுமுன் அவர் அதில் ஒரு சிறு துணுக்கை மச்சமாக வெட்டி எடுத்துக்கொண்டார். குளத்தில் எடுத்த பொன்னை அதனோடு ஒப்பிட்டபோது மாற்றுக் குறைந்திருந்தது. அவர் விடவில்லை, பாடி முறையிட்டுப் பழைய மாற்றைப் பெற்ற பின்னரே அமைந்தார். எங்கள் ஊர்ப் பீங்கான் தொழிலாளரும் சூளையிலிருந்து எடுத்த பாண்டத்தைத் தட்டி, ஓசை கேட்டே தேர்வர். மேற்பூச்சின் பளபளப்பை நம்பார்.

நேயர்களே, இடுவது பொன்னாயினும் நாளாயினும், எடுக்கும்போது ஒப்பிட நம்மிடம் ஒரு மச்சம் வேண்டும். சென்ற தைப் பொங்கலுக்கு என் மருமகன் விருத்தாசலம் வந்தான். ஐந்து நாட்கள் தங்கினான். அவ்வாண்டு அவனுடைய படிநிலை வெள்ளிக்கு இறங்கிவிட்டதாம். தங்கை அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. இலையில் இன்னுமோர் அதிரசம் வைத்தாள்.