தூத்துக்குடிச் சுவர்கள்: கடல் கல்லும் சுண்ணாம்பும்

போன மாதம் கிரேட் காட்டன் ரோட்டுப் பக்கம் ஒரு பழைய வீட்டை ஜவுளிக்கடையாக மாற்றிக்கொண்டிருந்தார்கள். முன்னறைச் சுவரைக் கொத்தி எடுத்திருந்தார்கள். தெருவிலிருந்து பார்க்கும்போதே உள்ளே ஏதோ கோலம் போட்டமாதிரி தெரிந்தது. கிட்டே போய்ப் பார்த்தால் பவளப்பாறைக் கல். வளைந்து வளைந்து மூளை மடிப்பு மாதிரி ஓடும் கோடுகள் ஒரு கல்லில், பூப்பூவாய்ச் சின்னச் சின்னக் குழிகள் இன்னொன்றில். இன்டீரியர் வேலை எடுத்திருந்த தம்பி அலுத்துக்கொண்டார். "இந்தச் சொவத்துல ஒரு ஆணி நிக்க மாட்டேங்குது அண்ணாச்சி. மேல ஜிப்சம் போர்டு அடிச்சு மூடிரப் போறோம்."

மூடப்போவது என்ன என்று அவருக்குச் சொல்ல ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டேன். காரணம் பிறகு சொல்கிறேன்.

தூத்துக்குடியின் பழைய வீடுகள், கிட்டங்கிகள், கம்பெனிக் கட்டடங்கள் பலவற்றுக்கும் கல் வந்தது கடலிலிருந்து. ஊரைச் சுற்றி மணல். செங்கலுக்கேற்ற களிமண் வேண்டுமென்றால் தாமிரபரணிப் பக்கம் போக வேண்டும். எதிரிலோ தீவுகளைச் சுற்றிப் பாறை பாறையாய்ப் பவளம் கிடந்தது. வள்ளத்தில் ஏற்றிக் கரைக்குக் கொண்டுவந்தால் கல் தயார். ஈரமாக இருக்கும்போது செதுக்க வசதி, காய்ந்தால் இறுகிவிடும், எடையும் குறைவு. கிளைகிளையான பவளத்தையும் சிப்பியையும் காளவாசலில் சுட்டுச் சுண்ணாம்பு எடுத்தார்கள்.

நமக்கு எதிரே இருக்கும் தீவுகளின் பெயரைப் பாருங்கள்: வான், காசுவார், காரைச்சல்லி, விலாங்குச்சல்லி. சல்லி என்றால் உடைந்த கல். காரைச்சல்லியில் வரும் காரை சுண்ணாம்புக் காரையா, காரைச் செடியா என்று வேண்டுமானால் நாம் சண்டை போட்டுக்கொள்ளலாம். ஹார்வி கம்பெனி 1888இல் இங்கே ஆரம்பித்த நூற்பாலைக்கும் கோரல் மில் என்றுதான் பெயர். 1908 பிப்ரவரியில் வ.உ.சி. பின்னால் நின்று வேலைநிறுத்தம் நடந்த அதே மில்.

இது நம் ஊருக்கு மட்டும் உரிய சங்கதி இல்லை. மாலத்தீவின் மாலே நகரத்தில் பவளக்கல்லை இழைத்து அடுக்கிய பெரிய பள்ளிவாசல் 1658இல் எழுந்தது. தூத்துக்குடி போர்ச்சுக்கீசியர் கையிலிருந்து டச்சுக்காரர் கைக்கு மாறியதும் அதே 1658இல்தான். சான்சிபாரின் பழைய நகரமும் பவளக்கல்தான். கல் மலையில் கிடைக்காத கடற்கரைக்காரர்கள் எல்லாரும் கடலைத்தான் வெட்டியிருக்கிறார்கள்.

பவளக்கல் முழுக்கக் கால்சியம் கார்பனேட். சுமார் 900 டிகிரியில் சுட்டால் கரியமில வாயு போய்விடும், மிஞ்சுவது சுட்ட சுண்ணாம்பு. அதை நீற்றி, மணல் சேர்த்து, கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டியும் கலந்து பூசினால், அது காற்றிலிருந்து போன வாயுவைத் திரும்ப வாங்கிக்கொண்டு மெல்ல மறுபடியும் கார்பனேட் ஆகிறது. அதாவது சுவரும் பூச்சும் ஒரே பொருள். பூச்சு கல்லாக மாறச் சில வருஷம்கூட ஆகலாம். அந்த அவகாசத்தைத்தான் இன்றைக்கு எந்தக் கடைக்காரரும் கொடுக்கமாட்டார், தீபாவளிக்குள் திறந்தாக வேண்டும்.

நம் ஊர் நிலத்தடி ஈரத்தில் உப்பு உண்டு. ஈரம் சுவர் வழியாக ஏறும். சுண்ணாம்புப் பூச்சில் நுண்துளை இருப்பதால் தண்ணீர் ஆவியாகிப் போய்விடும், உப்பு மேலே வெள்ளையாகப் பூக்கும். விளக்குமாறால் தட்டிவிட்டு வெள்ளையடித்தால் போதும். பொங்கலுக்கும் பனிமய மாதா திருவிழாவுக்கும் முன்னால் வெள்ளையடித்தது வெறும் அலங்காரம் இல்லை, சுவருக்கு வருஷாந்திர வைத்தியம். உப்பு தின்னட்டும் என்று மேலே ஒரு தோலைக் கொடுத்துவைக்கிறோம், தின்று முடித்ததும் புதுத் தோல். சிமெண்டும் பட்டியும் பிளாஸ்டிக் பெயிண்டும் போட்டால் ஈரத்துக்கு வெளியேற வழி இல்லை. உப்பு பூச்சுக்குப் பின்னாலேயே படிகமாகி, கல்லையும் அரித்து, பூச்சையும் தள்ளும்.

பீச் ரோட்டில் ஒரு பழைய கப்பல் ஏஜெண்ட் ஆபீசுக்குப் போயிருந்தேன். பதினாறு அடி உயரக் கூரை இருந்த இடத்தில் ஒன்பதடியில் ஃபால்ஸ் சீலிங். சூடான காற்று வெளியேற உச்சியில் வைத்த ஜன்னல்கள் எல்லாம் அதற்கு மேலே இருட்டில் கிடக்கின்றன. ஏசிக்காக என்கிறார்கள். கரண்ட் போனால் எல்லாரும் வாசலுக்கு வந்துவிடுகிறார்கள்.

சரி, நான் ஏன் பாதியில் நிறுத்தினேன்? பத்து வருஷம் முன்னால் அத்தை வீட்டுச் சுவரில் உப்புப் பூக்கிறது என்றதும், "சிமெண்ட் பூச்சுப் பூசி, பட்டி பார்த்திருங்க அத்தை" என்று சொன்ன மகா அறிவாளி நான்தான். மூணே வருஷம். முன்னறையில் இடுப்புயரத்துக்குப் பூச்சு உப்பிக்கொண்டு நின்றது. அத்தை திட்டவில்லை. "எப்பா, நீ படிச்ச புள்ளேன்னு கேட்டேன்" என்றாள், அவ்வளவுதான்.

இந்தச் சுவர்களைக் கொண்டாடும்போது எனக்கு ஒரு சங்கடமும் வருகிறது. ஒவ்வொரு கல்லும் பாறையிலிருந்து பெயர்த்தது. மன்னார் வளைகுடாவை 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்த பிறகும் கல் எடுப்பது நிற்கவில்லை. 2001இல் பவளத்தை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள், புலிக்கும் யானைக்கும் உள்ள அதே பாதுகாப்பு. விலாங்குச்சல்லி அதற்குள் தண்ணீருக்கடியில் போய்விட்டது. வான் தீவு வெகுவாகச் சுருங்கிவிட்டது, 2015இல் தொடங்கி அதைச் சுற்றிக் கான்கிரீட்டில் செயற்கைப் பாறைகளை இறக்கினார்கள். அலையைத் தடுத்துக்கொண்டிருந்த கல்லில் ஒரு பங்கு ஊருக்குள் சுவராக நிற்கிறது. இனி ஒரு கல்லும் எடுக்கக் கூடாது, அது சரிதான். ஆனால் எடுத்ததையும் இடித்துப் பள்ளத்தில் கொட்டுகிறோமே, அதுதான் எனக்குச் செரிக்கவில்லை.

ஜவுளிக்கடைத் தம்பியிடம் மறுநாள் போய்ப் பேசினேன். முழுச் சுவரையும் திறந்துவைக்க ஓனர் ஒத்துக்கொள்ளவில்லை. போர்டை மட்டும் சுவரில் ஒட்டாமல் கொஞ்சம் தள்ளிச் சட்டம் போட்டு அடித்து, மேலும் கீழும் காற்றோட இடம் விட்டிருக்கிறார்கள். பில்லிங் கவுண்டருக்குப் பின்னால் நாலடிக்கு நாலடி கல் தெரியும்.

அத்தை வீட்டில் சிமெண்டைச் சுரண்டியாகிவிட்டது. எழுபதைத் தாண்டிய கொத்தனார் ஒருவர் அகப்பட்டார். சுண்ணாம்பு இப்போது கடலிலிருந்து இல்லை, சுண்ணாம்புக்கல்லைச் சுட்டு மூட்டையில் வருவது. பின்கட்டில் தொட்டி கட்டி ஊறப்போட்டிருக்கிறார். எப்போது பூசுவீர்கள் என்று கேட்டேன். "அவசரப்படாதீரும். அது ஊறட்டும், பிறவு பாப்போம்" என்றார். இன்றைக்கு இருபத்திரண்டாம் நாள்.