மெடிக்கெய்டு கட்டணத் தாழ்வு: ஒரு சட்ட வரலாறு

அமெரிக்காவில் ஒரே மருத்துவர் ஒரே சிகிச்சையை அளித்தாலும், அரசு அவருக்குத் தரும் தொகை நோயாளியைப் பொறுத்து மாறுகிறது. முதியோருக்கான மெடிக்கேர் ஒரு தொகை தருகிறது. ஏழைகளுக்கான மெடிக்கெய்டு அதைவிடக் குறைவாகத் தருகிறது. 2019 நிலவரப்படி மெடிக்கெய்டின் மருத்துவர் கட்டணம் சராசரியாக மெடிக்கேர் கட்டணத்தில் 72 விழுக்காடு. அடிப்படை மருத்துவச் சேவைகளுக்கு 67 விழுக்காடு. மாநிலங்களின் நிதி நெருக்கடியே இதற்குக் காரணம் என்பது வழக்கமான விளக்கம். அது பாதி உண்மைதான். இந்த இடைவெளி சட்டத்திலேயே பிறந்தது. அதைத் தட்டிக்கேட்கும் வழிகளும் பின்னர் ஒவ்வொன்றாக அடைபட்டன.

1965 ஜூலை 30 அன்று குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்ட சட்டம் இரு திட்டங்களையும் ஒருங்கே உருவாக்கியது. ஆனால் இரண்டின் பூர்விகமும் வேறு. மெடிக்கேர் சமூகக் காப்பீட்டு மரபில் வந்தது. அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் கடும் எதிர்ப்புக்கு நடுவே நிறைவேறியதால், அது மருத்துவர்களின் வழக்கமான கட்டணத்தையும் மருத்துவமனைகளின் நியாயமான செலவையும் ஒட்டியே பணம் தர முன்வந்தது. மெடிக்கெய்டோ 1960ஆம் ஆண்டின் கெர்–மில்ஸ் சட்டத்தைப் பின்பற்றியது. அது வறியோர் நிவாரண மரபு. செலவில் குறைந்தது பாதியை மத்திய அரசு ஏற்றது. மருத்துவர்களுக்கான கட்டணத்தை முடிவு செய்யும் அதிகாரம் பெரும்பாலும் மாநிலங்களிடம் விடப்பட்டது. வரவு குறையும் ஆண்டுகளில் மாநிலங்கள் முதலில் கைவைப்பது இந்தக் கட்டணத்தில்தான். பயனாளிகளைத் திட்டத்திலிருந்து நீக்கினால் எதிர்ப்பு உடனே கிளம்பும். கட்டணக் குறைப்பு வெளியே தெரியாது. மருத்துவர் மெடிக்கெய்டு நோயாளிகளை ஏற்க மறுக்கும்போதுதான் அதன் விளைவு தெரியவரும்.

மெடிக்கேரும் செலவைக் கட்டுப்படுத்த வேண்டியிருந்தது. 1983இல் மருத்துவமனைகளுக்கு நோய்வகை சார்ந்த முன்நிர்ணயத் தொகை வந்தது. ஹார்வர்டு பேராசிரியர் வில்லியம் சியாவோ குழுவின் ஆய்வை அடிப்படையாகக் கொண்ட மருத்துவர் கட்டணப் பட்டியல் 1992இல் நடைமுறைக்கு வந்தது. அதன்பின் மெடிக்கெய்டு எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்பதை அளக்க ஒரு பொது அளவுகோல் கிடைத்தது.

இந்த வரலாற்றில் கூர்ந்து கவனிக்கத்தக்கது போரென் திருத்தம். 1980இல் முதியோர் பராமரிப்பு இல்லங்களுக்கும் 1981இல் மருத்துவமனைகளுக்கும் அது பொருந்தியது. மாநிலங்களுக்குக் கட்டண நிர்ணயத்தில் சுதந்திரம் தருவதே அதன் நோக்கம். ஆயினும் திறமையாக நடக்கும் நிறுவனத்தின் செலவை ஈடுகட்ட வேண்டும் என்ற நிபந்தனையும் அதில் இருந்தது. அந்த நிபந்தனையைப் பிடித்துக்கொண்டு மருத்துவமனைகள் வழக்குத் தொடுத்தன. வர்ஜீனியா மருத்துவமனைச் சங்கத்தின் வழக்கில், 1990இல் உச்ச நீதிமன்றம் அவற்றுக்கு அந்த உரிமை உண்டு என்று 5–4 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. மாநில ஆளுநர்கள் இடைவிடாது வற்புறுத்த, 1997இல் காங்கிரஸ் திருத்தத்தையே நீக்கிவிட்டது.

தனி மருத்துவர்களுக்குப் போரென் பாதுகாப்பு ஒருபோதும் இருந்ததில்லை. அவர்களுக்கு எஞ்சியது, 1989இல் சட்டத்தில் சேர்க்கப்பட்ட சம அணுகல் விதி: அந்தந்தப் பகுதியின் பொதுமக்களுக்குக் கிடைக்கும் அளவுக்கேனும் மெடிக்கெய்டு பயனாளிகளுக்கும் சேவை கிடைக்குமாறு கட்டணம் அமைய வேண்டும். 2015இல் ஐடஹோ மாநிலத்தின் ஆம்ஸ்ட்ராங் வழக்கில், இவ்விதியைக் காட்டிச் சேவையாளர்கள் நீதிமன்றம் வர முடியாது என்று உச்ச நீதிமன்றம் மீண்டும் 5–4 என்ற கணக்கில் முடிவுசெய்தது.

கட்டணத்தை உயர்த்தினால் பயன் உண்டா என்ற ஐயத்துக்கும் விடை கிடைத்தது. ஒபாமா காலச் சுகாதாரச் சட்டம் 2013, 2014 ஆகிய இரண்டு ஆண்டுகளுக்கு மட்டும் அடிப்படை மருத்துவக் கட்டணத்தை மெடிக்கேர் அளவுக்கு உயர்த்தியது. கூடுதல் செலவு முழுவதும் மத்திய அரசுடையது. பத்து மாநிலங்களில் நடந்த ஆய்வில், மெடிக்கெய்டு நோயாளிகளாகத் தொலைபேசியில் கேட்டவர்களுக்குச் சந்திப்பு நேரம் கிடைத்த வீதம் 58.7 விழுக்காட்டிலிருந்து 66.4 ஆக உயர்ந்தது. இத்தகைய சான்று வெளிவரும் வேளையிலேயே மத்திய நிதி நின்றுபோனதை என்னால் சாதாரணக் கொள்கை மாற்றமாகக் கருத முடியவில்லை. சில மாநிலங்கள் மட்டுமே சொந்தப் பணத்தில் உயர்வைத் தொடர்ந்தன.

2024ஆம் ஆண்டின் மத்திய விதி, மாநிலங்கள் தம் கட்டணங்களை மெடிக்கேருடன் ஒப்பிட்டு வெளியிடக் கட்டளையிட்டது. கெடு 2026 ஜூலை 1. வழக்குத் தொடுக்கும் உரிமையை அது மீட்டுத் தரவில்லை. ஆம்ஸ்ட்ராங் தீர்ப்பின் பெரும்பான்மை நீதிபதிகள் சுட்டிய பரிகாரம், விதியை மீறும் மாநிலத்துக்கு மத்திய நிதியை நிறுத்துவது. அப்படி நிறுத்தினால் மெடிக்கெய்டையே நம்பியிருக்கும் நோயாளிகள்தாம் முதலில் இழப்பார்கள்.