செடிக்குப் பெயர் சொல்லும் இல்லம்: ரபினாட் ஹெர்பேரியம்

1844இல் நாகப்பட்டினத்தில் தொடங்கி, 1883இல் திருச்சிராப்பள்ளிக்கு இடம்பெயர்ந்த தூய வளனார் கல்லூரிக்குப் பெருமைகள் பல. அவற்றுள் ஆரவாரமில்லாதது, அதன் உலர் தாவரத் தொகுப்பகமான ரபினாட் ஹெர்பேரியம்.

அதன் வேர் பழனி மலையில் இருக்கிறது. கொடைக்கானல் அருகே செண்பகனூரில் வாழ்ந்த இயேசு சபைத் துறவி லூயி ஆங்கிலாத் அம்மலைச் செடிகளைச் சேகரித்து வண்ணத்தில் வரைந்து வைத்தார்.

1967இல் அருட்தந்தை கே. எம். மேத்யூ இந்த ஹெர்பேரியத்தை நிறுவி, மூத்த தாவரவியலாளரான பிரெஞ்சுத் துறவி ரபினாட்டின் பெயரைச் சூட்டினார். கொடைக்கானலில் குடியேறிய அயல்நாட்டுச் செடிகளைப் பற்றிய மேத்யூவின் நூல் 1969இல் வெளிவந்தது.

எழுபதுகள் உழைப்பின் ஆண்டுகள். சமவெளியிலும் குன்றுகளிலும் பறித்த செடிகளைச் செய்தித்தாளுக்கிடையே வைத்து அழுத்த வேண்டும்; ஈரமேறிய தாளை அவ்வப்போது மாற்ற வேண்டும். மழைக்காலத்தில் ஒருநாள் அசந்தால் பூஞ்சை பிடித்துவிடும். காய்ந்ததை அட்டையில் ஒட்டி, இடம், நாள், சேகரிப்பு எண் எழுதினால்தான் அது சான்று. அந்த உழைப்பின் பயனாக, தமிழ்நாட்டுக் கர்நாடகச் சமவெளியின் தாவரநூல் தொகுதி தொகுதியாக 1981 முதல் வெளிவந்தது. பழனி மலைத் தாவரநூல் 1999இல் வந்தது. மேத்யூ 2004இல் மறைந்தார்.

இத்தனை பாடு எதற்கு? மஞ்சள் கரிசலாங்கண்ணி ஒன்றே போதும். 1757இல் ஸ்வீடன் நாட்டுத் தாவரவியலாளர் ஆஸ்பெக், மஞ்சள் பூவை வைத்தோ என்னவோ, அதைச் சொலிடாகோ பேரினத்தில் சேர்த்தார். பின்னர் அது வெடேலியா ஆனது. இன்று ஸ்பாக்னெட்டிகோலா கேலெண்டுலேசியா. அதன் நெருங்கிய உறவான ஸ்பாக்னெட்டிகோலா ட்ரைலோபேட்டா வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்து, தோட்டங்களில் தரைமூடிச் செடியாகப் படர்கிறது. இரண்டின் பூவும் மஞ்சள். இரண்டும் தரையோடு ஓடி, கணுவில் வேர் விடும். பூவைப் பார்த்தால் ஏமாந்து போவோம். இலையைப் பார்க்க வேண்டும்: நம் மருந்துச் செடிக்கு நீண்டு ஒடுங்கிய, பிளவில்லாத, சொரசொரப்பான இலை. வந்த செடிக்குப் பளபளப்பான, பெரும்பாலும் மூன்று மடலாகப் பிரிந்த இலை. அட்டையில் அருகருகே வைத்துப் பார்த்தவருக்கு ஐயமே எழாது.

அன்பர்களே, பெயர் தெரியாத செடியைப் பற்றிக் கேட்க ஹெர்பேரியத்துக்கு வருவோர் பூவை மட்டும் கிள்ளி வர வேண்டாம். இலையும் தண்டும் சேர்ந்த கிளையோடு, பறித்த ஊரையும் நாளையும் ஒரு சீட்டில் எழுதிக் கொண்டு வாருங்கள்.