ஆறு பேரின் கனம்

2017 பிப்ரவரி 18 சாயங்காலம். பள்ளிகொண்டாவில் ஒரு டீக்கடை. எடப்பாடி பழனிசாமி அரசு 122-க்கு 11 என்று நம்பிக்கை வாக்கெடுப்பில் வென்றதாக டி.வி.யில் செய்தி. "எம்.எல்.ஏ.ங்கள கூவத்தூர்ல தங்க வச்சு ஜெயிக்கறாங்களே, முன்னாடியெல்லாம் இப்படி உண்டா சார்?" என்று பக்கத்திலிருந்த தம்பி கேட்டார். விடுதி இல்லை, ஆனால் எண்ணிக்கைக் கவலை உண்டு என்று 1952 கதையைச் சொன்னேன்.

அன்றைய சென்னை மாகாணத்தில் 375 இடம். காங்கிரசுக்குக் கிடைத்தது 152. எதிர்க்கட்சிகள் பிரகாசம் தலைமையில் ஒன்றுகூடின. ஆளுநர் ஸ்ரீபிரகாசாவோ ராஜாஜியை அழைத்தார். தேர்தலிலேயே நிற்காத அவருக்கு மேலவையில் நியமன இடம்! ஏப்ரலில் பதவியேற்பு, ஜூலை 3-ல்தான் நம்பிக்கை வாக்கெடுப்பு. ஆதரவு 200, எதிர்ப்பு 151.

இடைப்பட்ட மாதங்களில் எண்ணிக்கை எப்படிக் கூடியது? பதிலில் ஒரு பங்கு நம் வடஆற்காட்டில் இருக்கிறது. மாணிக்கவேலு நாயக்கரின் காமன்வீல் கட்சிக்கு 6 எம்.எல்.ஏ.க்கள். கட்சி ஆதரவு தந்தது. நாயக்கர் நிலவருவாய் அமைச்சரானார். சபை அமைச்சரவையை உண்டாக்குவது முறை. அன்று அமைச்சரவை முதலில் வந்தது, பெரும்பான்மை பின்னால் வந்தது.

ஆனாலும் சபை அடங்கிக் கிடக்கவில்லை. 1953-ல் அதைக் கேட்காமலே அரைநாள் பள்ளித் திட்டம் வந்தபோது, நிறுத்திவைத்து நிபுணர் குழு ஆராயட்டும் என்று தீர்மானம் போட்டது. 1954-ல் ராஜாஜி விலகினார்.

"அப்போ கை தூக்கறதோட வேலை முடியல, இல்ல சார்?" என்றார் தம்பி. அதேதான்.